வெயில்கண்ணியைக் காணோம்

மலைத்தோட்டத்தின் வாசலில் கேக் கடை வேன் திரும்பும்போதே உள்ளேயிருந்து ஓர் அலறல் கேட்டது. காலை ஏழு மணி. மூடுபனி இன்னும் விலகவில்லை.

முன்சீட்டில், மடியில் பெரிய அட்டைப்பெட்டியோடு உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். பெல்ட் இல்லை. இன்றைக்கு அவளுக்கு விடுமுறை. சீருடைக்குப் பதிலாக விழாவுக்கென்று வாங்கிய மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள்.

"அக்கா குரல் மாதிரி இருக்கு," என்றான் வேனை ஓட்டிய அவள் கணவன். ஊரில் பெயர்பெற்ற கேக் கடைக்காரன். ஸ்டியரிங்கைத் தொட்டால் பாட்டும் பேச்சுமாக வருகிறவன், அன்று வழி நெடுக வாயே திறக்கவில்லை.

"மாதிரி என்ன மாதிரி? அண்ணியேதான். நிறுத்துங்க."

"பெட்டியைக் குலுக்காம இறங்கு. தயவுசெஞ்சு."

பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள்.

தோட்டத்தின் கோடியில், மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் அந்தக் கண்ணாடி அறை இருந்தது. நடுவில் ஒரு கல்மேடை, அதன்மேல் ஒரே ஒரு மண்தொட்டி. தொட்டிக்கு முன்னால் அவளுடைய நாத்தனார் தலையில் கைவைத்து நின்றாள். தாவர ஆராய்ச்சியில் பெரிய பேர், தோட்டத்துக்கே தலைவி. அவள் அதட்டினால் செடிகூட நேராக நிற்கும் என்று ஊழியர்கள் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவள் குழந்தைபோல விசும்பிக்கொண்டிருந்தாள்.

"போச்சு. பூவைக் காணோம்."

தொட்டியில் இலைகள் அப்படியே இருந்தன. நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு தண்டு. அதன் நுனியில் நேற்றுவரை இருந்த நீலப் பூ இல்லை.

வெயில்கண்ணி என்பது அந்தச் செடியின் பெயர். மலைக்கு மேலே, மரம் வளராத புல்வெளிகளில் மட்டும் எங்கோ ஒன்றிரண்டாய் முளைக்கும் காட்டுச்செடி. குளிர்காலத்தில் மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் கருகிவிடும்; வேர் மட்டும் உள்ளே உறங்கும். வெப்பம் வந்ததும் மறுபடி தளிர்க்கும். வெயில் பட்டால்தான் பூ கண்ணைத் திறக்கும். பனியோ மேகமோ மறைத்தால் இதழ்களை முறுக்கிக்கொண்டு மூடிவிடும். அதனால்தான் அந்தப் பெயர். மலையில் கடைசியாக அதைப் பார்த்தவர்களுக்குத் தலை நரைத்துவிட்டது. நாத்தனார் ஒரு பழைய விதையை முளைக்கவைத்து, வருஷக்கணக்கில் காத்திருந்து, நேற்றுக் காலைதான் முதல் பூவைக் கண்டாள். இன்று பத்து மணிக்கு ஊரே அதைப் பார்க்க வரப்போகிறது.

"அண்ணி, அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "கதவைத் திறந்தது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான். சேர்ந்தே திறந்தோம்."

அப்போதுதான் மூலையில் நின்ற காவலாளியை அவள் கவனித்தாள். நடக்கும்போதெல்லாம் இடுப்பில் சாவிகள் கலகலப்பதால் தோட்டத்தில் எல்லாரும் அவரைச் சாவிக்கொத்து என்றே அழைப்பார்கள். அந்த மனிதர் இப்போது சத்தமில்லாமல் சாவிகளைக் கையில் பொத்திப் பிடித்திருந்தார்.

"பூட்டு?"

"பூட்டினபடியே இருந்துச்சு மேடம்."

"ஜன்னல்?"

"இந்த அறைக்கு ஜன்னலே கிடையாது."

"ராத்திரி சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட மட்டும்தான்," என்றார் சாவிக்கொத்து. "நேத்து இருட்டுறதுக்கு முன்னாடி வந்து பூட்டினேன். கண்ணாடி வழியா உள்ள பார்த்தேன். வெளியெல்லாம் புகை மாதிரி பனி. ஆனா பூ நல்லா விரிஞ்சு, என்னைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அடடா, என்ன அழகுன்னு நினைச்சுக்கிட்டே போனேன். கண்ணைக்கூட மூடாம வாசல்ல உட்கார்ந்திருந்தேன் மேடம்."

"பூட்டின அறை. சாவி ஒருத்தர்கிட்ட," என்றாள் நாத்தனார் கண்ணைத் துடைத்தபடி. "நான் வேற யாரைண்ணே கேட்கிறது? தோட்டக் குழு முன்னாடி நான் என்ன பதில் சொல்லுவேன்?"

சாவிக்கொத்து இடுப்பு வளையத்தைக் கழற்றி, எல்லாச் சாவிகளையும் கல்மேடையின் ஓரத்தில் வைத்தார். அந்தச் சத்தம் இன்ஸ்பெக்டரின் நெஞ்சில் போய் விழுந்தது. திருடன் சாவியைத் திருப்பித் தருகிற விதம் அவளுக்குத் தெரியும். இது வேறு விதமாக இருந்தது.

அவள் குனிந்து தண்டைப் பார்த்தாள். சாய்வாக, ஒரே வெட்டில் கத்தரிக்கப்பட்டிருந்தது. கீழே இலைமேல் இரண்டு மூன்று நீலத்துளிகள். மேடை ஓரமாக எறும்புகள் கோடு பிடித்து ஊர்ந்துகொண்டிருந்தன.

"அக்கா..." கண்ணாடிக் கதவருகில் கணவன் நின்றான். "நான் ஒண்ணு சொல்லணும்."

"டேய், நீ போய் கேக்கைப் பாரு. வீடு பத்தி எரியுது, இவன் வேற."

அவன் திரும்பிப் போய்விட்டான்.

"நேத்து காலையிலேர்ந்து யாரெல்லாம் உள்ள வந்தாங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நான். தொட்டிக்காரர். அவரோட மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருந்தேன். அப்புறம் அவரைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டேன். சாயங்காலம் வரைக்கும் என்கூடவேதான் பேசிட்டிருந்தார். நடுவுல உன் வீட்டுக்காரன் சர்க்கரைப்பூவுக்குக் கலர் ஒத்துப்பார்க்கணும்னு வந்தான். சாவியை வாங்கிட்டுப் போய், கொஞ்ச நேரத்துல திருப்பிக் குடுத்துட்டான். ஆனா அதுக்கெல்லாம் அப்புறமும் பூ இருந்துச்சே! இவரே பார்த்திருக்காரே. அப்போ ராத்திரிதானே போயிருக்கணும்?"

"தொட்டிக்காரர் இப்போ எங்க?"

"விருந்தினர் அறையில. ராத்திரி இங்கதான் தங்கினார்."

தொட்டிக்காரர் என்பவர் அரிய செடிகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு பணக்காரர். வீட்டு மாடி, குளியலறை, மாடிப்படி எங்கும் தொட்டிதான். 'இந்தச் செடிக்காக என் வீட்டையே எழுதித் தர்றேன்' என்று போன மாதம் சொல்லி, நாத்தனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். இன்ஸ்பெக்டர் போனபோது அவர் படியில் உட்கார்ந்து காலணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். காலணி முழுக்க ஈரச் சேறு.

"எங்க சார் போயிருந்தீங்க?"

"சரிவு மேல. விடிஞ்சதும் போனேன்."

"எதுக்கு?"

"இன்னொண்ணு கிடைக்குமான்னு தேட." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "இந்தப் பனியில புல்லுக்கும் மூடின பூவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சாதானே? ரெண்டு தடவை வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்."

"பூவைக் காணோம் சார்."

மனிதர் துள்ளி எழுந்தார். "செடி?"

"செடி இருக்கு."

"வேர்? வேரைத் தொட்டாங்களா?"

"இல்லை."

"அப்பாடா!" என்று மறுபடி படியில் சாய்ந்துவிட்டார். "பயமுறுத்திட்டீங்களேம்மா. வேர் இருந்தா அடுத்த வருஷம் பூக்கும், அதுக்கடுத்த வருஷமும் பூக்கும்."

இன்ஸ்பெக்டர் மனதுக்குள் இருந்த பட்டியலில் ஒரு பெயரை அடித்தாள். இவர் திருடுவதாக இருந்தால் தொட்டியோடு தூக்கியிருப்பார். நாலு நாளில் வாடுகிற பூவை எடுத்துக்கொண்டு, ஆயுசுக்கும் பூக்கிற வேரை விட்டுப்போகிற அளவுக்கு அவர் ஏமாளி இல்லை.

அப்படியானால் பூ மட்டும் யாருக்கு வேண்டும்? அதுவும் சாய்வாகக் கத்தரித்து எடுக்கிற அளவுக்கு?

எட்டரை மணிக்கு அவள் விழா மண்டபத்துக்குப் போனாள். ஊழியர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கணவன் கேக் மேசையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, குட்டியைக் காக்கும் பூனைபோல நின்றான். மூன்றடுக்கு வெள்ளைக் கேக். உச்சியில் ஒரு கொத்து நீலப் பூக்கள். எல்லாம் அகல விரிந்தவை. நடுவில் மட்டும் இதழ்களை முறுக்கிக்கொண்டு ஒரு மொட்டு.

தொழில் கவலையிலும் அவளுக்குப் பெருமை பொங்கியது. "மொட்டுகூடப் பண்ணிட்டீங்களா? நிஜம் மாதிரியே இருக்கே!"

"ம்," என்றான் கணவன்.

"முறைக்காகக் கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து நீங்க போனப்போ பூ எப்படி இருந்துச்சு?"

"மூடிட்டு இருந்துச்சு. அதுக்குள்ள பனி இறங்கிடுச்சுல்ல." அவன் அவள் கையைப் பிடித்தான். விரல் நுனிகளெல்லாம் வழக்கம்போல நீலமும் மாவுமாக இருந்தன. "இங்க பாரு, நான் உன்கிட்ட..."

"தம்பி பொண்டாட்டி! எங்க போயிட்டே?" வெளியிலிருந்து நாத்தனார் குரல் இடியாய் வந்தது. "குழுத் தலைவர் வந்துட்டார்!"

"வர்றேன் அண்ணி!" அவள் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

குழுத் தலைவர் ஒரு குட்டையான, படபடப்பான மனிதர். நடந்ததைக் கேட்டதும் கேட்காததுமாகச் சாவிக்கொத்தை முறைத்தார். "விசாரணை முடியற வரைக்கும் இவர் வேலைக்கு வர வேண்டாம்."

"பத்து மணி வரைக்கும் பொறுங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர்.

"பத்து மணிக்கு என்ன நடக்கும்?"

அது அவளுக்கே தெரியாது. அதனால் விறைப்பாகத் திரும்பிக் கண்ணாடி அறைக்குள் நுழைந்தாள்.

உள்ளே வந்ததும் சில்லென்று ஏதோ கன்னத்தில் பட்டது. கூரையில் ஓடிய மெல்லிய குழாய்கள் பொடிப்பொடியாய் நீரைத் தூவிவிட்டு நின்றன.

"இது எப்பவும் இப்படித்தானா?"

"மேல புல்வெளியில எப்பவும் ஈரக்காத்து," என்றார் பின்னால் வந்த சாவிக்கொத்து. வேலை போனாலும் அவருக்கு அந்த அறைமீது இருந்த பாசம் போகவில்லை. "அதே மாதிரி இருக்கணும்னு தலைவியம்மா வெச்சாங்க. ராத்திரி பூரா விட்டு விட்டுத் தூவும். இங்க வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்கதான் நனைவாங்க."

இன்ஸ்பெக்டர் மேடை அருகே மண்டியிட்டாள். எறும்புகள் இப்போது இரட்டைக் கோடாகப் பெருகியிருந்தன. செடிமேல் ஏறியவை ஒன்றும் தளிரைக் கடிக்கவில்லை. எல்லாம் அந்த நீலத்துளிகளைத்தான் சுற்றி நின்றன. அவள் ஒரு துளியை விரலில் தொட்டாள். பிசுபிசுத்தது. பூவின் சாறு இப்படியா ஒட்டும்?

தடயத்தை நாக்கில் வைக்கக்கூடாது என்று காவலர் பயிற்சியில் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நாக்கில் வைத்தாள்.

இனித்தது.

மண்டியிட்டபடியே திரும்பி மெல்லக் கேட்டாள்: "அண்ணே, நேத்து பூட்டும்போது வெளிய பனி எப்படி இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"கை நீட்டினா கை தெரியல."

"அந்தப் பனியில பூ விரிஞ்சிருந்துச்சு?"

"ஆமா மேடம். பொய் சொல்லல."

"தெரியும்ணே. நீங்க பொய்யே சொல்லல," என்றாள் அவள். எழுந்தபோது முகத்தில் சிரிப்பும் திகைப்பும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. காலையில் வேனில் வந்த பாதை முழுவதும் அவள் மடி எவ்வளவு கனமாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது. "அட பாவி மனுஷா!"

பத்து மணிக்குள் பனி கலையத் தொடங்கியது. விருந்தினர்கள் கண்ணாடி அறைக்கு முன்னாலிருந்த புல்தரையில் கூடினார்கள். குழுத் தலைவர் வாயைத் திறக்குமுன் இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தினாள்.

"முதல்ல கேக்கை இங்க கொண்டு வாங்க. வெளிச்சத்துக்கு."

"பூவைக் காணோம்னு நிக்கிறோம், உனக்குக் கேக் கேட்குதா?" என்றாள் நாத்தனார்.

"கேட்குது அண்ணி."

கணவனும் இரண்டு ஊழியர்களும் மேசையோடு தூக்கி வந்தார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினாள்.

"பூட்டின அறையிலேர்ந்து ராத்திரி பூ எப்படிப் போச்சுன்னு எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். அது ராத்திரி போகவே இல்லை. நேத்து மத்தியானமே போயிடுச்சு."

"நான் பார்த்தேனே மேடம்!" என்றார் சாவிக்கொத்து.

"பார்த்தீங்க. பனியில விரிஞ்சிருந்த பூவைப் பார்த்தீங்க. அண்ணி, வெயில்கண்ணி பனியில விரியுமா?"

"விரியாது," என்றாள் நாத்தனார் மெல்ல. "விரியவே விரியாது. இது எனக்கு எப்படித் தோணாம போச்சு?"

"அழுதுட்டிருந்தீங்க. அவர் கண்ணாடி வழியா பார்த்தது பூவே இல்லை. தண்டு நுனியில பாகு தடவி ஒட்டின சர்க்கரைப்பூ. ராத்திரி குழாய் தண்ணி தூவித் தூவி அது கரைஞ்சு சொட்டிடுச்சு. மிச்சத்தை எறும்பு பார்த்துக்கிச்சு. நான் ருசி பார்த்தே சொல்றேன். இங்க வேலை பார்க்கிற யாரும் அதைச் செஞ்சிருக்க மாட்டாங்க. இந்த அறையில சர்க்கரை நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்கு அப்புறம் இங்க தனியா வந்தவர், தண்ணி தூவுறது தெரியாதவர், கையில சர்க்கரைப்பூ வெச்சிருந்தவர், எல்லாமே ஒரே ஆள்தான்."

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"நிஜப் பூ எங்கன்னு கேட்கிறீங்களா? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதைக் கேள்விப்பட்டிருக்கேன். என் வீட்டுக்காரர் கேக்குல மறைச்சிருக்கார். அதையும் என் மடியில வெச்சே கொண்டு வந்திருக்கார். திருட்டுச் சொத்தோட சம்பவ இடத்துக்கு வந்த முதல் போலீஸ் நானாத்தான் இருப்பேன்."

அந்த நேரம் பார்த்து மேகம் விலகியது. வெயில் சரிவிலிருந்து இறங்கி, புல்தரையைக் கடந்து, கேக்கின்மேல் ஏறியது. சர்க்கரைப் பூக்கள் இருந்தபடி இருந்தன. நடுவிலிருந்த மொட்டு மட்டும் முறுக்கைத் தளர்த்தியது. ஓர் இதழ் வெளியே வந்தது. பின் இன்னொன்று. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கப் பார்க்க, வானத்தைக் கிள்ளி வைத்ததுபோல நீலமாய் வெயில்கண்ணி கண்ணைத் திறந்தது.

கூட்டம் 'ஆ' என்றது. கைத்தட்டல் எங்கிருந்தோ தொடங்கிப் பரவியது.

"கலர் ஒத்துப்பார்க்கக் குனிஞ்சேன் அக்கா," என்றான் கணவன். கண்கள் கலங்கியிருந்தன. "தும்மல் வந்துச்சு. முழங்கை பட்டு டக்குனு ஒடிஞ்சிடுச்சு. கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ஒடிஞ்ச இடத்தைச் சீவி, பூவைச் சின்னக் குழாய்ல தண்ணி ஊத்தி வெச்சேன். கேக்குல நிஜப் பூ வைக்கிறப்போ அப்படித்தான் செய்வோம். காலையில உன்கிட்ட தனியா சொல்லிடலாம்னுதான் அதுவரைக்கும் சர்க்கரைப்பூவை ஒட்டினேன். ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீ கேக்கைப் பாருடான்னு விரட்டிட்டே. இவகிட்ட சொல்ல வாயைத் திறந்தா, அப்பவும் நீதான் கூப்பிட்டே."

நாத்தனார் அவனை முறைத்தாள். சின்ன வயதில் அந்த முறைப்புக்கு அவன் கட்டிலுக்கடியில் ஒளிவானாம். ஆனால் முதலில் அவள் திரும்பியது சாவிக்கொத்தின் பக்கம். மேடையிலிருந்த சாவிகளைத் தானே எடுத்து வந்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே."

"அதெல்லாம் எதுக்கும்மா," என்றார் அவர். ஆனால் வளையத்தை மாட்டியதும், வேண்டுமென்றே ஒரு குலுக்குக் குலுக்கினார். குழுத் தலைவர் மேகத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இப்போ உன்கிட்ட வர்றேன்," என்று நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள். "உன் தோலை உரிச்சு..."

அவள் வாக்கியம் பாதியில் நின்றது. முதுகெல்லாம் பழுப்பு ரோமம் போர்த்திய ஒரு கொழுத்த வண்டு, ரீங்காரத்தோடு கேக்கைச் சுற்றி வந்தது. சர்க்கரைப் பூக்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே வெயில்கண்ணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

"யாரும் அசையாதீங்க," என்றாள் நாத்தனார் கிசுகிசுப்பாக. "இந்தப் பூவைத் தேடி எது வருதுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள்ள பூட்டி வெச்சிருந்தா நானும் பார்த்திருக்க மாட்டேன். அது எவ்வளவு நேரா உள்ள போச்சு பாரு. வழி தெரிஞ்ச மாதிரி..." சட்டென்று அவள் கண்கள் விரிந்தன. "வழி தெரியும்! இது வேற எங்கயோ இதே பூவைப் பார்த்திருக்கு!"

வண்டு உடம்பெல்லாம் மகரந்தப் பொடியோடு வெளியே வந்தது. கனத்துப்போய், தாழ்வாகச் சரிவை நோக்கிப் பறந்தது.

"விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு நாத்தனார் ஓடினாள்.

அவள் பின்னால் இன்ஸ்பெக்டர் ஓடினாள். பல திருடர்களைத் துரத்தியிருக்கிறாள். இப்படிச் சிரித்துக்கொண்டே துரத்தியதில்லை. தொட்டிக்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். சாவிக்கொத்து கலகலவென்று ஓடினார். குழுத் தலைவர் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஓடினார். விழாவுக்கு வந்த ஊர் முழுவதும் கேக்கை விட்டுவிட்டு ஒரு வண்டின் பின்னால் மலையேறியது.

"அந்தப் பாறைப் பக்கம் திரும்புது!"

"குறுக்கே வராதீங்க சார்!"

"இதோ இறங்குது, இதோ!"

பாறைக்கு அப்பால், வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில், புல் தணிந்திருந்த ஒரு சிறு பள்ளத்தில் நாத்தனார் அப்படியே நின்றாள். எல்லாரும் இரைக்க இரைக்க வந்து சேர்ந்து அவளுக்குப் பின்னால் நின்றார்கள்.

புல்லுக்கிடையே இங்கொன்று, அங்கொன்று, அதோ சேர்ந்தாற்போல ஒரு கூட்டம். வெயிலுக்குக் கண் திறந்து நின்றன நீலப் பூக்கள். பனி நாளெல்லாம் புல்லோடு புல்லாக மூடிக்கிடந்து, யார் கண்ணிலும் படாமல், தோட்டத்தின் முதுகுக்குப் பின்னாலேயே வருஷாவருஷம் பூத்து உதிர்ந்திருக்கின்றன. தொட்டிக்காரர் முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றையும் தொடாமல், வாய்விட்டு அழுதார்.

"நான் காலையில இந்த இடத்துலதான் வழுக்கி விழுந்தேன்," என்றார்.

நாத்தனார் புல்லில் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் மழைக்குப் பின் வரும் வெயில்போல இருந்தது. கடைசியாக மூச்சு வாங்க வந்து, கூட்டத்துக்குப் பின்னால் பதுங்கிய தம்பியை அவள் பார்த்துவிட்டாள்.

"வாடா," என்றாள். "வந்து பக்கத்துல உட்காரு. கையை மட்டும் மடியில வெச்சுக்கோ."